அடங்காதவர் என்பதை அவர் மொழியில் வாசித்தபோது

கிள்ளான் ஆஸ்பத்திரியில் பிணவறைக்கு வெளியே ஒரு சிமெண்டு பெஞ்சு இருக்கிறது. அதில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பிரேசில் நாட்டு மாலுமி தன் மொழியில் என்னிடம் கேட்டார்: "காலையில அந்தப் பெரியவர் எனக்கு என்ன வாசிச்சார்?"

பதில் என் மடியில் இருந்த ஃபைலில் இருந்தது. கப்பல் கேப்டன் ஆங்கிலத்தில் எழுதிய ஒரு பத்தியின் நகல். டிஸ்ஆர்டர்லி, அன்ரூலி, ரயட்டஸ், ரிஃப்ராக்டரி, கடைசியில் மியூட்டினஸ். அடங்காத மனிதரைச் சொல்ல ஆங்கிலத்தில் கிடைக்கும் கனமான வார்த்தைகளை எல்லாம் கேப்டன் ஒரே பத்தியில் இறக்கி வைத்திருந்தார். அதன் கீழே தனி வரியாக: "இவருக்குப் புரியும் மொழியில் வாசித்துக் காட்டப்பட்டது. ஒப்புக்கொள்கிறார்."

ஒப்புக்கொண்ட மனிதர் தான் எதை ஒப்புக்கொண்டோம் என்று என்னிடம் கேட்கிறார்!

அப்போதுதான் அந்த எண்ணம் வந்தது. இந்த வார்த்தைகளை ஒவ்வொன்றாக எடுத்து, எடை குறையாமல், எடை கூடாமல், போர்த்துகீஸில் அவர் முன்னால் வைக்க வேண்டும். அவர் பதில் சொல்ல வேண்டும். அந்தப் பதில் கப்பலின் பதிவில் ஏற வேண்டும். சாயங்காலம் தண்ணீர் ஏறியதும் கப்பல் கிளம்பிவிடும். அதற்குள் அந்தக் கடைசி வரி மாறாவிட்டால், செத்துப்போன கூட்டாளியைக் காப்பாற்ற விடாமல் கலகம் செய்தவர் என்று அவர் தானே ஒத்துக்கொண்டதாக ஆகிவிடும். அப்படி ஒரு வரி பேருக்கு நேராக விழுந்த மாலுமியை இனி எந்தக் கப்பலும் ஏற்றாது.

நான் பிரிக்பீல்ட்ஸ்காரி. எஸ்டிபிஎம் பரீட்சையில் நல்லபடியாகத் தேறியும் யுனிவர்சிட்டியில் இடம் கிடைக்காமல், போர்ட் கிள்ளானில் ஒரு கப்பல் ஏஜென்சியில் கிராணியாக, குமாஸ்தா வேலைக்குச் சேர்ந்தேன். துறைமுகத்துக்கு வரும் கப்பலுக்குக் கரையில் என்னென்ன தேவையோ எல்லாவற்றையும் எங்கள் ஆபீஸ்தான் பார்க்கும். டாக்டர், சுங்கம், அரிசி, முட்டை, சில சமயம் சவப்பெட்டி.

போர்த்துகீஸ் எப்படித் தெரியும் என்று எல்லோரும் கேட்கிறார்கள். பந்து வழியாக வந்தது. உலகக் கிண்ணம் நடக்கும் மாதத்தில் எங்கள் தெருவில் பாதிப் பேர் மஞ்சள் சட்டை போட்டுக்கொண்டு பிரேசிலுக்குக் கத்துவார்கள். அந்த ஊர் எங்கே இருக்கிறது என்றுகூடப் பல பேருக்குத் தெரியாது. கோல் விழுந்ததும் அந்த ஆட்டக்காரர்கள் ஒருவரை ஒருவர் கட்டிப்பிடித்துக்கொண்டு என்னதான் பேசிக்கொள்கிறார்கள் என்று எனக்கு ஒரு அரிப்பு. பழைய புத்தகக் கடையில் அட்டை கிழிந்த பாடப்புத்தகம் ஒன்று கிடைத்தது. பிறகு ஷார்ட்வேவ் ரேடியோ. அதற்குப் பிறகு, வீட்டுக்கு போன் போட ஆபீசுக்கு வரும் பிரேசில் மாலுமிகள். அவர்களைப் பிடித்து வைத்துப் பேசிப் பேசியே கற்றுக்கொண்டேன். அம்மாவுக்கு இதில் சந்தோஷம் இல்லை. "அடங்காப்பிடாரி, கப்பல்காரனோட உனக்கு என்னடி பேச்சு?" என்பார். அப்பாவின் ஆட்கள் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்கள். அவர் அவ்வளவு காரமாகப் பேச மாட்டார். "பிள்ளை குழப்படி செய்யுது, விடு" என்பார், பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல்.

இரண்டும் ஒரே குற்றத்துக்கு இரண்டு வார்த்தைகள். ஒன்றில் அறை விழும். ஒன்றில் விழாது. அந்த வித்தியாசம் சின்ன வயதிலேயே எனக்குத் தெரியும்.

அந்தக் கப்பல் சோயாப் பிண்ணாக்கு ஏற்றிக்கொண்டு பிரேசிலிலிருந்து வந்தது. கேப்டனும் மற்ற அதிகாரிகளும் வேறு நாட்டுக்காரர்கள். கீழ் வேலைக்காரர்களில் இரண்டு பேர் மட்டும் பிரேசில்காரர்கள், ஒரே ஊர்க்காரர்கள், அண்ணன் தம்பி மாதிரி பழகியவர்கள். கடல் முழுக்க மூடியே கிடந்த சரக்கறையில் காற்று கெட்டுப்போயிருக்கும். மூடியைத் திறந்த உடனே இறங்கக் கூடாது. கரையை நெருங்கும்போது சரக்கு நனைந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லி உத்தரவு வந்தது. இளையவர் ஏணியில் இறங்கினார். பாதி ஏணியிலேயே கை விட்டுவிட்டது.

இவ்வளவுதான் ஆபீஸில் எங்களுக்குத் தெரிந்திருந்தது. கூடவே, மற்றவர் பயங்கர ரகளை பண்ணினார் என்றும் சொன்னார்கள்.

மாலுமியின் மேல் குற்றம் எழுதினால் அதை அவருக்குப் புரிகிற மொழியில் வாசித்துக் காட்டி, அவர் சொல்லும் பதிலையும் எழுத வேண்டும். கப்பல்காரர்களின் சட்டம் அது. நல்ல சட்டம்தான். அன்று காலை ஆபீஸ் வேனில் போகும்போது போர்டிங் கிளார்க் அண்ணே உற்சாகமாக இருந்தார். கப்பலில் ஏறி இறங்கிக் காரியம் முடிப்பது அவர் வேலை. கிள்ளான் ஆள். எதையும் 'செட்டில்' பண்ணிவிடுவார்.

"போர்த்துகீஸ் பேசற ஆளு வேணும்னு பாஸ் மண்டைய ஒடைச்சிக்கிட்டு இருந்தாரு. நான் ஒரே நிமிஷத்துல புடிச்சேன். யாரு தெரியுமா? உங்க பிரிக்பீல்ட்ஸ் செரானி அங்கிள்! ரயில்வேயில இருந்தாரே, அவரு."

"அண்ணே, அவரு மலாக்காக்காரரு."

"மலாக்கா போர்த்துகீஸ்தானேலா? போர்த்துகீஸ்னா போர்த்துகீஸ்தான்."

"அது வேற மாதிரிண்ணே. எனக்குத் தெரியும், நான் வர்றேன்."

"உனக்குத் தெரிஞ்சது பந்து பாஷை. இது கேஸு. பெரிய மனுஷன் வேணும். பொம்பளப் புள்ளைய கப்பல்ல ஏத்தி, ஏணியில வழுக்கி விழுந்தேன்னு வையி, உங்கப்பாவுக்கு யாரு பதில் சொல்றது? நீ ஆஸ்பத்திரி பேப்பரப் பாரு."

இந்தத் தவறை இந்த நாட்டில்தான் செய்ய முடியும். எங்களுக்குப் போர்த்துகீஸ் என்றால் மலாக்கா. அங்கே கடலோரத்தில் அந்தக் காலத்திலிருந்தே ஒரு கூட்டம் இருக்கிறது. மலாய்க்காரர்கள் செரானி என்பார்கள், நாங்களும் அவர்களை அப்படியே சொல்வோம். அவர்கள் வீட்டில் பேசுவது போர்த்துகீஸிலிருந்து பிறந்த மொழிதான். ஆனால் அது மலாயோடு குடித்தனம் நடத்தி, பிள்ளை பெற்று, பேரன் பேத்தி எடுத்துவிட்ட மொழி. மலையாளியை உட்கார வைத்துத் தமிழில் சம்மன் வாசிப்பது போல. கேட்கக் கேட்கப் புரிவது போலவே இருக்கும். முடிந்த பிறகு என்ன சொன்னார் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

என்னை ஆஸ்பத்திரியில் இறக்கிவிட்டு அண்ணே அங்கிளோடு கப்பலுக்குப் போனார். மத்தியானத்துக்கு முன்பே திரும்பி வந்துவிட்டார். "முடிஞ்சிருச்சி. அங்கிள் பேசினாரு, அவன் தலையாட்டினான், கேப்டன் எழுதிக்கிட்டாரு. ஒரு சத்தம் இல்ல." வேனில் அவரோடு அந்த மாலுமியும் வந்திருந்தார். உடலை அடையாளம் காட்ட, செத்தவரைத் தெரிந்த ஒருவர் வேண்டும் என்று போலீஸ் கேட்டிருந்தது. அண்ணே எனக்கு ஃபைலைக் கொடுத்துவிட்டு லிட்டில் இந்தியா பக்கம் சாப்பிடப் போனார்.

உள்ளே போன மாலுமி போலீஸ்காரரோடு வெளியே வந்தார். கையெழுத்துப் போட்டார். பெஞ்சில் உட்கார்ந்தார். பெரிய உடம்பு, நாற்பதை நெருங்கும் வயது, ஷேவ் செய்யாத முகம். நான் போர்த்துகீஸில் "வருத்தமாக இருக்கிறது" என்றேன். தூங்குகிறவரைத் தட்டி எழுப்பியது போல் நிமிர்ந்து பார்த்தார். பிறகுதான் அந்தக் கேள்வியைக் கேட்டார்.

நான் ஃபைலைத் திறந்தேன். உண்மையைச் சொல்ல வேண்டும் என்றால், பயத்தோடு சேர்ந்து ஒரு துடிப்பும் இருந்தது. இத்தனை நாள் படித்ததற்கு இப்போதுதான் வேலை வந்திருக்கிறது என்று.

டிஸ்ஆர்டர்லி. முதலில் எனக்கு வந்தது 'பகுன்சா'. ரேடியோவில் அடிக்கடி கேட்ட வார்த்தை.

அவர் முகத்தில் சிரிப்பு மாதிரி ஏதோ வந்தது. "பகுன்சாவா? அது என் மக கட்டில் மேல பண்றது. தலையணைய எல்லாம் கீழ தள்ளிட்டு குதிப்பா. கேப்டன் அப்படியா எழுதியிருக்கார்?"

இல்லை. கேப்டன் அப்படி எழுதவில்லை. வார்த்தை லேசாகிவிட்டது. அடுத்து 'தெசோர்தேய்ரு' என்றேன். அதைக் கேட்டு அவர் தலையை ஆட்டினார். அது தெருமுனையில் நின்று வம்பு வளர்க்கிறவன். அன்றைக்கு மட்டும் அல்ல, என்றைக்கும் அப்படித்தான் என்கிற ஆள். இப்போது கனம் கூடிவிட்டது. இரண்டுக்கும் நடுவில் ஒன்று வேண்டும். நான் வார்த்தையை விட்டுவிட்டு, ஒழுங்கைக் குலைத்தீர்கள் என்று எழுதியிருக்கிறது என்று நீட்டிச் சொன்னேன். அதற்கு அவர் சரி, சரி என்றார், மேலே போ என்பது போல.

அன்ரூலிக்கு 'இந்திசிப்பிளினாது' என்றேன். "பள்ளிக்கூடத்துல டீச்சர் சொல்வாங்க," என்றார். எங்கள் பள்ளிக்கூடத்திலும் சொல்வார்கள். கடைசி வகுப்பு என்றாலே தமிழ்ப் பிள்ளைகள், தமிழ்ப் பிள்ளைகள் என்றாலே அடங்காதவர்கள் என்று ஒழுங்கு ஆசிரியர் வைத்திருந்த கணக்கு. அந்த வகுப்பில் விசிறி ஓடாது என்பதை அவர் என்றும் சொன்னதில்லை.

ரிஃப்ராக்டரி எனக்கே சரியாகத் தெரியாத வார்த்தை. பிடிவாதம் என்கிற அர்த்தத்தில் 'தெய்மோசு' என்றேன். "அது சரி," என்றார் உடனே. "அது நான்தான். எங்கம்மாவும் அதைத்தான் சொல்வா."

ரயட்டஸுக்கு 'துமுல்து' என்றதும் முகம் மாறியது. "துமுல்துவுக்குக் கூட்டம் வேணும் மோசா. நான் ஒருத்தன்." மோசா என்றால் அவர்கள் மொழியில் சின்னப் பெண்.

கடைசி வார்த்தைக்கு வந்தேன். 'மொச்சிம்'. கப்பற்கலகம். அதைச் சொல்லும்போது என் குரல் தாழ்ந்துவிட்டது. அவர் பிணவறைக் கதவைப் பார்த்தார். உள்ளே யாரோ தள்ளுவண்டியை நகர்த்தும் சத்தம் கேட்டது.

"நான் என்ன செஞ்சேன்னு எழுதியிருக்கா?"

மறுபடி வாசித்துப் பார்த்தேன். எழுதியிருக்கவில்லை! எப்படிப்பட்டவர் என்று இருந்தது, எப்படி நடந்துகொண்டார் என்று இருந்தது. என்ன செய்தார் என்று ஒரு வார்த்தை இல்லை. அவ்வளவு பெரிய பத்தியில் ஏணி இல்லை, சரக்கறை இல்லை, செத்தவர் இல்லை. வாசித்த எனக்கே, அவர் கேட்கும்வரை அது தெரியவில்லை. நான் வார்த்தைகளின் கனத்தை நிறுத்துக்கொண்டிருந்தேன்.

"அப்போ நான் சொல்றேன்," என்றார்.

இளையவர் விழுந்ததும் இன்னொரு மாலுமி பின்னாலேயே இறங்கப் போனார், பிலிப்பைன்ஸ்காரப் பையன். இவர் அவருடைய இடுப்பு வாரைப் பிடித்து மேலே இழுத்துப் போட்டார். இரும்பு மூடியைச் சாத்தினார். அதன் மேல் உட்கார்ந்துகொண்டார். கையில் ஒரு பெரிய ஸ்பேனர். காற்று பாட்டிலும் முகமூடியும் கொண்டு வாருங்கள், அது வரும்வரை எவனும் இறங்க மாட்டான் என்று கத்தினார். பாட்டில்கள் காலியாக இருந்தன என்று பிறகு தெரிந்தது. ஈரத்துணியை மூஞ்சியில் கட்டிக்கொண்டு கயிற்றில் இறங்கச் சொல்லி உத்தரவு வந்தது. இவர் எழுந்திருக்கவில்லை. பக்கத்தில் வந்தவர்களைப் பார்த்து ஸ்பேனரை ஓங்கினார். சாப்பாட்டுத் தட்டோடு சமாதானம் பேச வந்தவர் மேல் அந்தத் தட்டையே வீசினார்.

"மூடி வெயில்ல கொதிச்சுது. சத்தம் வருதான்னு காதை வச்சுக் கேட்டேன். வரலை. திரும்பத் திரும்ப வச்சேன்." காதைத் தொட்டுக் காட்டினார். அங்கே தோல் உரிந்திருந்தது. "உயிரோட இருந்திருப்பானோ? நீ என்ன நினைக்கிற?"

நான் ஃபைலை மூடினேன்.

பெரியவர் வாசித்தபோது ஏன் தலையாட்டினீர்கள் என்று கேட்டேன். "அவர் வாசிக்கலையே. என்கிட்ட பேசினார். தம்பின்னார். செத்துட்டான்னார். எங்க தாத்தா காலத்துப் பாஷை மாதிரி இருந்துச்சு. நல்ல மனுஷன். அதான் ஆமான்னேன்."

அண்ணே பல்குச்சியோடு திரும்பி வந்தார். வேனில் ஏறியதும் ஆரம்பித்தேன்.

"அண்ணே, இவரு எதையும் ஒத்துக்கலை."

"எழுதியாச்சிலா."

"என்ன வாசிச்சாங்கன்னே இவருக்குத் தெரியாதுண்ணே!"

"தெரிஞ்சா மட்டும்?" வண்டியை ரிவர்ஸ் எடுத்துக்கொண்டே பேசினார். "நம்ம கோர்ட்டுக்கு ஒரு நாள் வந்து பாரு. நம்ம பையன்களுக்கு என்ன வாசிக்கிறாங்கன்னு எவனுக்குத் தெரியுது? குத்தத்த ஒத்துக்க, சீக்கிரம் முடியும்னு வெளியிலயே சொல்லிக் குடுத்துருவாங்க. தலையாட்டுவான். ஜீப்புல ஏத்துவாங்க. நானே ஆட்டியிருக்கேன், சின்ன வயசுல."

"எதுக்குண்ணே?"

"யாருக்குத் தெரியும்? வாசிச்சாங்க, ஆட்டினேன்." சிரித்தார். அவர் மட்டும்தான் சிரித்தார்.

துறைமுக கேட்டில் அனுமதிச் சீட்டைக் காட்டிவிட்டு உள்ளே நுழைந்ததும், முன்னால் பார்த்தபடியே, "அந்த ஸ்பேனரால எவனையாச்சும் அடிச்சானா?" என்றார்.

பின்னால் திரும்பிக் கேட்டேன். "இல்லையாம். ஓங்கினதோட சரி."

"கேப்டன்கிட்ட கேட்டுக் குடுக்கறேன். அதுக்கு மேல என்னை இழுக்காத." கப்பலின் ஏணிக்குக் கீழே வண்டியை நிறுத்தினார். "ஏறு. விழுந்தா நான் பாக்கல."

கேப்டனை நான் ஒரு ராட்சசனாக மனதில் வைத்திருந்தேன். அதிகாரிகள் சாப்பிடும் அறையில் மெலிந்த மனிதர் ஒருவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். மேசையில் தொடாத சூப். நான் வந்த காரியத்தை ஆங்கிலத்தில் சொன்னேன். குரல் கொஞ்சம் உயர்ந்துதான் இருந்திருக்கும், அண்ணே பின்னாலிருந்து தொண்டையைக் கனைத்தார்.

"வாசித்தாயிற்று," என்றார் கேப்டன்.

"அவருக்குத் தெரியாத மொழியில் வாசித்திருக்கிறார்கள் சார்."

"உங்கள் ஏஜென்சி அனுப்பிய மொழிபெயர்ப்பாளர் அவர்."

அது சரியான அடி. அண்ணே உடனே, "கேப்டன், ஸ்மால் மிஸ்டேக். ஒன் மோர் டைம், ஃபைவ் மினிட், செட்டில்," என்றார். கேப்டன் எங்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு பதிவைத் திறந்தார்.

நான் நின்றுகொண்டே வாசித்தேன். பெஞ்சில் தேடி எடுத்த வார்த்தைகள். ஒழுங்கைக் குலைத்தார் என்பதற்கு அவர், "ஆமா. அது குலையணும்," என்றார். பிடிவாதம் என்பதற்கு, "ஆமா." கூட்டமாகக் கலவரம் செய்தார் என்பதற்கு, "இல்லை. நான் தனியா இருந்தேன். மத்தவங்க பேர்ல எழுதாதீங்க." மொச்சிம் என்றதும் நேராகக் கேப்டனைப் பார்த்தார். அது என் வழியாகப் போக வேண்டிய பதில் என்பதையே மறந்துவிட்டவர் போல, "நான் உங்க கப்பலை எடுத்துக்கலை. ஒரு மூடி மேல உட்கார்ந்தேன். உங்களுக்கு சூப் பரிமாறுற அந்தப் பிலிப்பைன்ஸ் பையன் இன்னிக்கு உயிரோட இருக்கான். அதுக்காக உட்கார்ந்தேன்," என்றார். நான் ஒவ்வொரு வாக்கியமாக ஆங்கிலத்தில் போட்டேன். எதையும் மெருகேற்றவில்லை. பாட்டில்கள் காலியாக இருந்ததையும் சொன்னேன், அவர் சொன்ன இடத்திலேயே.

கேப்டன் எழுதினார். எழுதி முடித்ததை என் பக்கம் திருப்பிக் காட்டினார். 'ஒப்புக்கொள்கிறார்' அடிக்கப்படாமல் அப்படியே இருந்தது. அதன் கீழே, "மறுபடி வாசிக்கப்பட்டது. சிலவற்றை மறுக்கிறார். காரணம் பதிவுக்குரியதல்ல."

"காரணம் சொன்னாரே சார். நீங்கள் கேட்டீர்களே!"

"கேட்டேன்," என்றார். பக்கங்களைப் பின்னால் தள்ளினார். அங்கே செத்தவரின் பெயரும் நேரமும் இடமும் இருந்தன. அனுமதியில்லாமல் இறங்கினார் என்றும் இருந்தது. "மரணத்துக்குப் பக்கம் இது. நடத்தைக்குப் பக்கம் அது. இரண்டையும் கலப்பதில்லை." பதிவை மூடினார். கண்ணாடியைக் கழற்றி மறுபடி துடைக்க ஆரம்பித்தார்.

மாலுமி என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டார். அவருடைய பையும், இளையவருடைய பையும் ஏற்கெனவே ஏணி ஓரத்தில் வைக்கப்பட்டிருந்தன. கம்பெனி அவரை இங்கேயே இறக்கி ஊருக்கு அனுப்புகிறது. சுபாங் விமான நிலையத்தில் நான்தான் வழியனுப்பினேன். இரண்டு பைகளையும் ஒரே தோளில் போட்டிருந்தார். இளையவரின் அம்மாவிடம் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டிருப்பதாகச் சொன்னார். "மூடி மேல யார் உட்கார்ந்ததுன்னு கேட்பா. ஊர்ல எல்லாருக்கும் தெரிஞ்சிரும். ஏன் உட்கார்ந்தேன்னுதான் பதிவுல இல்லையே."

அதன் பிறகு ஆபீஸில் அதைப் பற்றிப் பேச்சே இல்லை. பாஸ் ஒரு முறை என்னைக் கூப்பிட்டு, ஏஜென்சி பேர் எங்கேயும் அடிபடக் கூடாது என்றார். நான் ஒழுங்காகத் தலையாட்டிவிட்டு வந்தேன். வெளியே வந்த பிறகுதான் என்ன செய்தேன் என்று உறைத்தது.

ஆனால் மரணம் கிள்ளானில் பதிவாகியிருக்கிறது. ஆஸ்பத்திரியில் பார்த்த போலீஸ்காரரை விடாமல் நச்சரித்து, மரண விசாரணை கிள்ளான் கோர்ட்டில் எடுக்கப்படுகிறது, நாள் திங்கட்கிழமை என்று தெரிந்துகொண்டேன். கேப்டனின் பதிவின் நகலை வைத்துத்தான் பேசுவார்களாம். இரண்டு பக்கங்களும் அந்த மேசைக்கு வரும்.

இன்று ஞாயிறு. பிரிக்பீல்ட்ஸ் மாதா கோயிலில் பூசை முடிந்து செரானி அங்கிள் கோப்பிக் கடைக்கு வருவார் என்று காத்திருந்தேன். வெள்ளைச் சட்டை, இஸ்திரி மடிப்புக் கலையாமல். என்னைப் பார்த்ததும், "ரயில்வே கிராணி மகதானே? வா கேர்ள், உட்காரு," என்றார். ரயில்வேயில் எங்கள் ஆட்களோடு இருந்தே பழகிய தமிழ்.

கப்பல் விஷயத்தை எடுத்ததும் கோப்பிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டார்.

"நான் உங்க ஆளுகிட்ட சொன்னேன்லா, என் பாஷை வேற, அவன் பாஷை வேற. அவன் கேக்கல. நீங்க சும்மா பேசுங்க அங்கிள், செட்டில்னான். அந்த இங்கிலீஷ் பேப்பரக் கையில குடுத்தாங்க. அந்த வார்த்தைக்கு எல்லாம் எங்ககிட்ட எங்க வார்த்தை இருக்கு? நாங்க மீன் புடிச்சோம், பாட்டு பாடினோம். கலகம் பண்ணல."

"அப்ப அவர்கிட்ட என்ன சொன்னீங்க அங்கிள்?"

"அந்த மூஞ்சிய நீ பாத்தியா? அந்த மூஞ்சிகிட்ட போய் அத எப்படி வாசிக்கிறது? உன் தம்பியா செத்ததுன்னு கேட்டேன். ஆமான்னான். எங்க வீட்லயும் ஒருத்தன் கடல்ல போனான்னேன். அதுக்கும் தலையாட்டினான். வேற என்ன? கையப் புடிச்சிக்கிட்டேன்." நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "ஏன்? அதுல என்ன தப்பு?"

கேப்டன் எழுதிய வரியைச் சொன்னேன். அவர் காது மந்தமில்லை, இருந்தாலும் இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். பிறகு கர்சீப்பை எடுத்து வாயைத் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார்.

"அந்தத் தலையாட்டல் எனக்கு," என்றார் கடைசியில். "எனக்குக் குடுத்தது. அத எடுத்து அவன் எப்படி எழுதலாம்?"

"நாளைக்கு என்கூட கோர்ட்டுக்கு வந்து இத சொல்வீங்களா?"

"உள்ள விடுவானா?"

"தெரியாது அங்கிள். சத்தியப் பிரமாணம் எடுத்த மொழிபெயர்ப்பாளர் நான் இல்லை. கூப்பிடாத ஆள் வேற. போய் நிப்போம்."

"சத்தம் போட்டா?"

"வெளிய தள்ளுவாங்க."

"ஆங்," என்றார், அது ஒரு விஷயமே இல்லை என்பது போல. "எத்தனை மணி ரயிலு?"

நாளைக்கு உடம்பு சரியில்லை என்று எம்சி போடப் போகிறேன். தெரிந்தால் பாஸ் என்னை வேலையிலிருந்து தூக்கிவிடுவார் என்று அண்ணே நேற்றே எச்சரித்தார். எச்சரித்துவிட்டு, கோர்ட்டில் எந்தக் கதவு வழியாகப் போனால் முதலில் கிராணியைப் பார்க்கலாம் என்றும் சொன்னார். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. அப்பாவிடம் சொன்னேன். பேப்பரைக் கீழே வைத்துவிட்டு முழுக்கக் கேட்டார். குழப்படி என்று சொல்லவில்லை.

இப்போது என் முன்னால் இருக்கும் வேலை வேறு. கோர்ட்டில் மலாயில்தான் பேச வேண்டும். அவர் போர்த்துகீஸில் சொன்னதை நான் கேப்டனுக்கு ஆங்கிலத்தில் சொன்னேன். அந்த ஆங்கிலத்தை மறந்துவிட்டு, பெஞ்சில் கேட்ட மொழியிலிருந்தே மலாய்க்குக் கொண்டுபோக வேண்டும். கலகத்துக்கும் அமளிக்கும் மலாயில் வார்த்தைகள் தாராளமாக இருக்கின்றன, எல்லாவற்றையும் எழுதிப் பார்த்தேன், எல்லாவற்றையும் அடித்தேன். அவை கேப்டனின் பக்கத்துக்கு வேண்டியவை. அவர்களே வாசித்துக்கொள்ளட்டும்.

காலை கொமுட்டர் ரயிலில் அங்கிள் பக்கத்தில் இருப்பார். கிள்ளான் வருவதற்குள் முதல் வாக்கியம் தயாராக வேண்டும். காலியான காற்று பாட்டிலிலிருந்து ஆரம்பிக்கலாமா என்று நினைத்தேன். வேண்டாம். அவர் உட்கார்ந்தார் என்பதிலிருந்து ஆரம்பிக்கப் போகிறேன். மூடி சூடாக இருந்தது என்பது அடுத்த வாக்கியம்.